இளைத்தால் இளைப்பு போகுமா?

என் அக்கா திருச்சியில் ஒரு அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறாள். லிஃப்ட் கிடையாது. அவளுக்கு 45 வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள், காய்கறிப் பையோடு மாடி ஏறி வந்தவள் நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்துவது மாதிரி 'கொய்ங்... கொய்ங்...' என்று ஒரு சத்தம்.

வீட்டில் ஆளாளுக்கு டாக்டரானார்கள். "நடக்கறதே இல்லை, குண்டாயிட்டே... அதான்" என்றார் அத்தான். "தலைக்குக் குளிச்சிட்டு ஈரத் தலையோட ஃபேனுக்கு அடியில உட்கார்ந்தா இழுக்காம என்ன செய்யும்?" என்றார் அவளுடைய மாமியார். "டஸ்ட் அலர்ஜிம்மா, ஏ.சி. ஃபில்டரைக் கழுவணும்" என்றாள் மகள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? "முதல்ல அஞ்சு கிலோ குறை அக்கா, எல்லாம் சரியாயிடும்" என்று போனிலேயே உபதேசம் செய்தேன்.

அந்த உபதேசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதில் உண்மை இருந்தது, ஆனால் பாதிதான். முழுப் பொய்யைவிட பாதி உண்மை ஜாஸ்தி கெடுதல் செய்யும் என்பதை அடுத்த இரண்டு வருஷத்தில் கண்ணாரப் பார்த்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அக்காவோ, சித்தியோ, மாமியோ இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். சின்ன வயசில் இழுப்பே கிடையாது. நாற்பதைத் தொடும்போது உடம்பும் கொஞ்சம் கூடும், மாதவிலக்கும் தாறுமாறாகும், கூடவே மூச்சும் வாங்க ஆரம்பிக்கும். உடனே ஊரே சேர்ந்து 'எடை'யைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும்.

நான் டாக்டர் இல்லை. அக்காவோடு ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் உட்கார்ந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்ட ஒரு சாதாரணக் குடும்பத் தலைவி. நான் உங்களிடம் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்துமாவுக்கும் எடைக்கும் உறவு உண்டு. ஹார்மோனுக்கும் உறவு உண்டு. ஆனால் சிகிச்சையில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மூச்சு. அப்புறம்தான் எடை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் இரண்டுமே கெடும்!

பெண்களை ஏன் அதிகம் படுத்துகிறது?

ஒரு வேடிக்கை பாருங்கள். சின்னப் பிள்ளைகளில் ஆஸ்துமா ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். வயதுக்கு வந்த பிறகு கணக்கு அப்படியே மாறிவிடுகிறது. பெரியவர்களில் பெண்களுக்குத்தான் அதிகம். கடுமையாக வருவதும் பெண்களுக்குத்தான். அதே வீடு, அதே தூசி, அதே சாம்பிராணிப் புகை. நடுவில் மாறியது ஹார்மோன்!

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன், உடம்பின் அலர்ஜிப் படையைத் தட்டி எழுப்பும் சுபாவம் உள்ளது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை ஹார்மோன் அந்தப் படையைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. இப்படித்தான் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

ஆஸ்துமா உள்ள பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களிலும், ஆரம்பிக்கும் நாளிலும் இழுப்பு அதிகமாகிறது. ஹார்மோன்கள் சட்டென்று கீழே இறங்கும் நாட்கள் அவை. கர்ப்ப காலத்தில் ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். மூன்றில் ஒருவருக்கு ஆஸ்துமா குறையும், ஒருவருக்கு அதிகமாகும், ஒருவருக்கு அப்படியே இருக்கும். (இங்கே ஒரு எச்சரிக்கை. 'வயிற்றில் பிள்ளை இருக்கே' என்று பயந்து நீங்களாக ஆஸ்துமா மருந்தை நிறுத்தாதீர்கள். அம்மாவுக்கு மூச்சு முட்டினால் உள்ளே இருக்கும் குழந்தைக்கும் பிராண வாயு குறையும்.)

அடுத்தது மெனோபாஸ். அது வரப்போகும் வருஷங்களில் ஹார்மோன்கள் தடுமாறுகின்றன. சிலருக்கு ஆஸ்துமா முதன்முதலாகத் தலைகாட்டுவதே அப்போதுதான். மெனோபாஸுக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிடுவதைப் பற்றி ஆராய்ச்சிகள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கின்றன. ஆகவே இழுப்பு உள்ளவர்கள் அந்த மாத்திரை தொடங்குமுன் டாக்டரிடம் இழுப்பைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது.

'சரி, இதில் எடை எங்கே வந்தது?' என்கிறீர்களா? இங்கேதான் வருகிறது. சினைப்பை ஓய்வெடுத்த பிறகு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் முக்கியமாக எங்கே தயாராகிறது தெரியுமா? கொழுப்பில்! கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்றொரு என்ஸைம் இருக்கிறது. அது ஆண்மை ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். கொழுப்பு கூடக்கூட இந்த மாற்றமும் கூடும். பி.சி.ஓ.டி. உள்ள இளம் பெண்களுக்கும் ஆஸ்துமா கொஞ்சம் அதிகமாகக் காணப்படுகிறது. அங்கேயும் எடை, இன்சுலின், ஹார்மோன் மூன்றும் கைகோத்து நிற்கின்றன.

ஆண்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். தொப்பை பெருத்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. காவல்காரனே தூங்கிப்போன மாதிரி ஆகிவிடும்.

கொழுப்பு சும்மா இருக்கிற மூட்டையா?

நம்மில் பல பேர் கொழுப்பை ஏதோ அரிசி மூட்டை மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதைத் தூக்கிச் சுமப்பதால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதானே என்று. அதுவும் ஒரு காரணம்தான். வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரல் முழுசாக விரிய இடமில்லாமல் போகிறது. மூச்சுக்குழாய்களும் சுருங்கின நிலையிலேயே வேலை பார்க்கின்றன. ஏற்கெனவே குறுகலான சந்தில் சாக்கடைக்குப் பள்ளம் வேறு தோண்டினால் எப்படி இருக்கும்? ஆஸ்துமாவும் சேர்ந்தால் அந்தக் கதிதான்.

ஆனால் கொழுப்பு வெறும் மூட்டை இல்லை. அது ஒரு சுரப்பி மாதிரி. 1994-ம் ஆண்டு அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மனும் அவர் குழுவினரும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சுரப்பது கொழுப்புத் திசு. பசியை அடக்க வேண்டிய இந்த லெப்டின், அளவுக்கு மீறினால் உடம்பில் அழற்சியைத் தூண்டிவிடுகிறது. அழற்சியைத் தணிக்கும் அடிபோனெக்டின் என்ற இன்னொரு ஹார்மோனோ, குண்டாக ஆக குறைந்துபோகிறது. தீயை மூட்டுகிறவர் கூடுகிறார், அணைக்கிறவர் லீவு போட்டுவிடுகிறார்!

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர ஆராய்ச்சியாளர்கள், இறந்துபோன 52 பேருடைய நுரையீரல் மாதிரிகளை ஆராய்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சுக்குழாயின் சுவருக்குள்ளேயே கொழுப்பு படிந்திருந்ததாம். எடை கூடியவர்களிடம் அந்தப் படிவும் கூடுதலாக இருந்ததாம். இடுப்பில் மட்டும்தான் சதை போடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோமே!

இன்னும் கணக்கு வேண்டுமா? அமெரிக்காவில் சுமார் 86 ஆயிரம் நர்ஸ்களை 1991 முதல் நாலு வருஷம் கவனித்தார்கள். முடிவு 1999-ல் வந்தது. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. 30-க்கு மேல் போனவர்களுக்கு, ஒல்லியானவர்களைப்போல இரண்டரை மடங்குக்கும் மேலாக ஆஸ்துமா புதிதாக வந்திருந்தது. 2007-ல் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து, 3 லட்சத்து 33 ஆயிரம் பேரின் கணக்கைப் பார்த்தபோது, எடை கூடியவர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. ஆண், பெண் இருவருக்கும்தான்.

நம் ஊர் நிலவரமும் ஒன்றும் சிலாக்கியமாக இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். அதுவும் பி.எம்.ஐ. 25 என்ற கோட்டை வைத்துப் போட்ட கணக்கு. நம் இந்திய உடம்புவாகுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்கிறார்கள் டாக்டர்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது. தையல்காரர் டேப் வீட்டில் இருக்கிறதல்லவா? இன்றைக்கே அளந்து பார்த்துவிடுங்கள்.

'மூச்சு வாங்கினால் எல்லாம் ஆஸ்துமாவா?'

இந்த உறவெல்லாம் தெரிந்தபின் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. குண்டாக இருக்கும் ஒரு பெண்மணி மூச்சு வாங்குகிறது என்று வந்தால், இரண்டு விதமான தப்பு நடக்கிறது.

ஒன்று, 'எடைதான் காரணம், குறைச்சிட்டு வாங்க' என்று அனுப்பிவிடுவது. நிஜமாகவே ஆஸ்துமா இருந்தால் அது கவனிக்கப்படாமல் போகும். இரண்டாவது, சத்தம் கேட்டதுமே 'ஆஸ்துமா' என்று முத்திரை குத்திவிடுவது. கனடாவில் 2008-ல் ஒரு ஆராய்ச்சி. டாக்டர்களால் ஆஸ்துமா என்று சொல்லப்பட்டவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். குண்டானவர்கள், ஒல்லியானவர்கள் இரண்டு தரப்பிலுமே சுமார் 30 சதவிகிதம் பேருக்கு ஆஸ்துமாவே இல்லை!

வேறு என்னவாக இருக்கலாம்? ரத்தசோகையாக இருக்கலாம். மேலே சொன்ன அதே தேசிய ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. நாற்பதுகளில் உதிரப்போக்கு அதிகமானால் மாடிப்படி மலையாகத் தெரியும். தைராய்டாக இருக்கலாம். இதயமாக இருக்கலாம். ராத்திரி குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிற தூக்கக் கோளாறாக இருக்கலாம். நெஞ்சு வரை எதுக்களித்து வரும் அமிலமாக இருக்கலாம். கடைசியாகச் சொன்ன இரண்டும் எடையோடு ஒட்டிப் பிறந்தவை. ஆஸ்துமாவையும் கிளறிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாதவிலக்கு வயிற்றுவலிக்குப் போடும் சில வலி மாத்திரைகளே ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு இழுப்பைக் கொண்டுவரும். ஆஸ்பிரின் குடும்பத்து மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இவர்கள். ஆகவே 'பீரியட்ஸ் வந்தா இழுக்குது' என்றால், ஹார்மோனா, மாத்திரையா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இதையெல்லாம் ஊகத்தில் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். 'ஸ்பைரோமெட்ரி' என்று ஒரு டெஸ்ட். குழாயில் வாய் வைத்து, முழு பலத்தோடு ஊதச் சொல்வார்கள். பிறகு மருந்து கொடுத்துவிட்டு மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு விநாடியில் வெளியே வரும் காற்று 12 சதவிகிதமும், குறைந்தது 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்கு அது நல்ல தடயம். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை. சர்க்கரைக்கு ரத்தம் பார்க்கிறோம், இதயத்துக்கு ஈ.ஸி.ஜி. எடுக்கிறோம். மூச்சுக்கு மட்டும் ஏன் குத்துமதிப்பு?

என் அக்காவின் வெள்ளை மாத்திரை

இப்போது அக்கா கதைக்கு வருகிறேன்.

தெருமுனை கிளினிக்கில் காட்டினாள். "அலர்ஜி" என்றார்கள். அஞ்சு நாளைக்கு ஒரு குட்டி வெள்ளை மாத்திரை, கூடவே இன்னொரு மாத்திரை. ஊதும் டெஸ்ட் எதுவும் கிடையாது. இரண்டே நாளில் மந்திரம் போட்ட மாதிரி மூச்சு சரியாகிவிட்டது. அந்தச் சீட்டை பத்திரமாகப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டாள். அடுத்த தடவை இழுத்தபோது கிளினிக்குக்குப் போகவில்லை. நேரே மெடிக்கல் ஷாப். அதற்கடுத்த தடவையும் அப்படியே. சீட்டு கிழிந்துபோன பிறகு, காலி அட்டையைக் காட்டியே வாங்கினாள். மாதா மாதம் பீரியட்ஸ் நெருங்கும்போது இழுப்பு. மாதா மாதம் வெள்ளை மாத்திரை.

அது ஸ்டீராய்டு என்று அவளுக்கும் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷத்தில் 69 கிலோவாக இருந்தவள் 83 ஆனாள். முகம் உப்பி வட்டமாயிற்று. சர்க்கரை எட்டிப்பார்த்தது. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனாள். ராத்திரி இரண்டே இட்லி. பசி மட்டும் அடங்கவில்லை. அந்தப் பசியைக் கிளப்பியதும் அதே மாத்திரைதான். 'வாயைக் கட்ட முடியலை உனக்கு' என்று எல்லோரும் அவளைச் சொன்னோம். நானும் சொன்னேன்.

சுற்றுவட்டம் புரிகிறதா? மூச்சு வாங்குகிறது என்று மாத்திரை. மாத்திரையால் எடை. எடையால் இன்னும் மூச்சு. மூச்சு வாங்குவதால் நடக்க முடியவில்லை. நடக்காததால் மறுபடி எடை.

கடைசியில் ஒரு நெஞ்சக நோய் டாக்டரிடம் போனோம். ஊதச் சொன்னார். ஆஸ்துமா உறுதியானது. இன்ஹேலர் எழுதினார். அக்கா அழுதேவிட்டாள். "அவ்வளவு முத்திப் போச்சா டாக்டர்? பஃப் அடிச்சா பழக்கமாயிடுமே... பொண்ணுக்கு வரன் பார்த்துட்டிருக்கோம், வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

டாக்டர் கோபிக்கவில்லை. ஒரு சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். "அம்மா, நீங்க சாப்பிட்ட இன்னொரு மாத்திரை மூச்சுக்குழாயை விரிக்கிறது. அதுல 4 மில்லிகிராம். அதாவது 4,000 மைக்ரோகிராம். அதே மருந்து பஃப்ல ஒரு தடவைக்கு 100. ரெண்டு தடவை இழுத்தா 200. இருபது மடங்கு மருந்தை வயித்து வழியா ரத்தத்துக்கு அனுப்பிட்டு, கை நடுங்குது, படபடன்னு வருதுன்னு சொல்றீங்க. ஸ்டீராய்டும் அப்படித்தான். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு. இன்ஹேலர்ல மைக்ரோகிராம் கணக்கு. மில்லிகிராமில் ஆயிரத்துல ஒரு பங்கு அது. சேர வேண்டிய இடத்துக்கு நேராப் போகுது."

கண்ணுக்கு மருந்து வேண்டுமானால் கண்ணில் விடுகிறோம். யாரும் விழுங்குவதில்லை. நுரையீரலுக்கு மட்டும் ஏன் வயிற்றைச் சுற்றி வரவேண்டும்?

தயவுசெய்து ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை விஷமில்லை. கடுமையான இழுப்பில் சில நாள் கொடுத்தால் உயிரையே காக்கும். டாக்டர் பார்த்துக் கொடுப்பது வேறு, நாமாகப் பழைய சீட்டில் வாங்கிச் சாப்பிடுவது வேறு. ரொம்ப நாள் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அது ஆபத்து. டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும்.

சும்மா பயமுறுத்தவில்லை. 2019 மதிப்பீட்டின்படி உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவிகிதம் பேர் இந்தியர்கள். ஆஸ்துமாவால் ஏற்படும் மரணங்களிலோ 40 சதவிகிதத்துக்கும் மேல் இந்தியாவில்! தடுக்கும் மருந்து சரியான நேரத்தில் நுரையீரலுக்குப் போய்ச் சேராதது இதற்கு ஒரு முக்கிய காரணம். 2025 மே மாத உலக ஆஸ்துமா தினத்தின் கோஷமே 'இன்ஹேலர் சிகிச்சை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்' என்பதுதான்.

இழுக்கும்போது மட்டும் நிவாரண பஃப் அடித்துக்கொண்டால் போதும் என்பதும் பழைய கதை. 2019-லிருந்து சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவே அதைக் கைவிட்டுவிட்டது. அழற்சியைத் தணிக்கும் மருந்தும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

அப்படியானால் எடையை விட்டுவிடலாமா?

கூடவே கூடாது! நம் பாஷையில் இளைப்பது என்றால் மெலிவது. இளைப்பு என்றால் மூச்சிரைப்பு. இளைத்தால் இளைப்பு போகுமா என்ற கேள்விக்குப் பதில், 'பெரும்பாலும் குறையும்.'

ஃபின்லாந்தில் 38 குண்டான ஆஸ்துமாக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு டாக்டர் மேற்பார்வையில் கடுமையான டயட். சராசரியாகத் தங்கள் எடையில் 14 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தார்கள். நுரையீரல் திறன் கூடியது, தொந்தரவு குறைந்தது. ஒரு வருஷம் கழித்தும் பலன் தெரிந்தது. இது 2000-ம் ஆண்டில் வெளியானது. அவ்வளவு குறைக்க முடியாது என்கிறவர்களுக்கும் நல்ல செய்தி இருக்கிறது. 2013-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்றில், 5 முதல் 10 சதவிகிதம் எடை குறைத்தவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் ஆஸ்துமா நன்றாகக் கட்டுப்பட்டது. 80 கிலோ உள்ளவர் 4 முதல் 8 கிலோ. சினிமா நடிகை மாதிரி ஆக வேண்டாம், அவ்வளவு போதும்!

எடை கூடியவர்களுக்கு இன்ஹேலர் ஸ்டீராய்டு மற்றவர்கள் அளவுக்கு வேலை செய்வதில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. 2008-ல் இங்கிலாந்தின் லீஸ்டர் ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்துமாக்காரர்களை ரகம் பிரித்தபோது, தனியாக ஒரு ரகம் கிடைத்தது. பெரும்பாலும் பெண்கள், குண்டானவர்கள், பெரியவர்களான பிறகு நோய் வந்தவர்கள். தொந்தரவு நிறைய. ஆனால் நம் வீடுகளில் 'ஈஸ்னோஃபீலியா' என்று சொல்வோமே, அந்த ஈஸ்னோஃபில் அணுக்கள் சளியில் குறைவு. இவர்களுக்கு மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. எடையும் இறங்க வேண்டும்.

பிறகு ஏன் 'முதலில் மூச்சு' என்று அடித்துச் சொல்கிறேன்? மூச்சு முட்டுகிற ஒருத்தியை 'நட, நட' என்றால் எப்படி நடப்பாள்? அக்கா அந்த இரண்டு வருஷமும் வாக்கிங் போக முயற்சி செய்தாள். தெருமுனை தாண்டினால் இழுக்கும். திரும்பிவிடுவாள். 'சோம்பேறி' என்ற பெயர்தான் மிச்சம். இன்ஹேலர் ஆரம்பித்து ஒன்றரை மாதம் கழித்துத்தான் அவளால் அரை மணி நேரம் நடக்க முடிந்தது. எடை அதற்கப்புறம்தான் அசைந்தது.

2025-ல் நம் நாட்டிலும் கடைக்கு வந்துவிட்ட எடை குறைப்பு ஊசிகளைப் பற்றிக் கேட்பீர்கள். பசியை அடக்கும் குடல் ஹார்மோனைப்போல வேலை செய்பவை அவை. ஆஸ்துமாவுக்கும் உதவுமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். தேவைப்படுகிறவர்களுக்கு டாக்டர் எழுதட்டும். பக்கத்து வீட்டு மாமி போட்டுக்கொண்டார் என்று வாங்காதீர்கள். பழைய சீட்டில் வாங்கிய வெள்ளை மாத்திரைக் கதை இன்னொரு தடவை வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

தினசரி காலண்டரில் மாதவிலக்கு தேதியைக் குறித்து வைப்பீர்கள் அல்லவா? அதே காலண்டரில் இழுப்பு வந்த நாள், ராத்திரி மூச்சு முட்டி எழுந்த நாள், வலி மாத்திரை போட்ட நாள் எல்லாவற்றையும் சேர்த்துக் குறியுங்கள். மூன்று மாதக் குறிப்பு போதும். டாக்டருக்கு அது பெரிய உதவி.

டாக்டரிடம் கூச்சப்படாமல் நாலு கேள்வி கேளுங்கள். "எனக்கு ஸ்பைரோமெட்ரி எடுத்துப் பார்க்கலாமா? ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தாச்சா? இந்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கா, எத்தனை நாள்? நான் பஃப் எடுக்கிற விதம் சரியா?" கடைசிக் கேள்வி முக்கியம். தப்பாக இழுத்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். ஸ்பேஸர் என்ற டப்பா வைத்து இழுத்தால் சுலபம். ஸ்டீராய்டு பஃப் எடுத்ததும் வாய் கொப்பளிக்க மறக்காதீர்கள்.

பேச முடியாத அளவு மூச்சு முட்டினால், உதடு நீலம் பாரித்தால், பஃப் எடுத்தும் அடங்காவிட்டால், எந்தக் கேள்வியும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி!

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குண்டானவர் மூச்சு வாங்கினால் சிரிக்காதீர்கள், உபதேசமும் செய்யாதீர்கள். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, கூட நடக்கிறேன்" என்று சொல்லுங்கள். அத்தான் இப்போது அதைத்தான் செய்கிறார்.

அக்கா இப்போது 74 கிலோவில் நிற்கிறாள். இன்னும் குண்டுதான். பீரியட்ஸ் நாட்களில் இன்னும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது. அந்த நாட்களில் என்ன செய்வது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே ஒருநாள் பஃப் எடுத்தாள். பையனின் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, தன் கைப்பையைத் திறந்து காட்டினாராம். உள்ளே அதே மாதிரி ஒன்று!

போன மாதம் திருச்சி போயிருந்தேன். காய்கறிப் பையோடு இருவரும் மாடி ஏறினோம். நடுப்படியில் மூச்சு வாங்கி நின்றது நான்.

"என்னடி, ஊதிப் பார்த்தியா?" என்றாள் அக்கா.

ஊதிப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நீங்களும் ஒரு தடவை ஊதிப் பார்த்துவிடுங்களேன்.